இரண்டு விரல் கூட

படகு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து இறங்கியது. தையல் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் லாரியை ரிவர்ஸில் விட்ட மச்சினன், நாலு பேரைப் பிடித்து, பலகை வைத்து, அதை இறக்கி முடிப்பதற்குள் சட்டையைப் பிழிகிற அளவுக்கு வியர்த்துவிட்டான். பதினாலடி ஃபைபர் படகு. ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். இப்போது வெளிறிப்போய், தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டியது.

"என்ன மாமா, உள்ள ஆள வச்சு அடைச்சிருக்காங்களா? இந்தக் கனம் கனக்குது," என்றான்.

"ஃபைபர்னா துணிதாண்டா. கண்ணாடி நாருல நெய்ஞ்ச துணி. துணி என் பேச்சைக் கேக்கும்," என்றார் தையல்காரர்.

முப்பது வருடம் மெஷின் மிதித்தவர். படகைப் பற்றி அவருக்கு ஆனா ஆவன்னா கூடத் தெரியாது. ஆனால் மகளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பத்து வயது. வீட்டில் அவளுக்கு 'வாலு' என்றுதான் பெயர். பரீட்சை லீவில் சொந்தப் படகில் கடலைச் சுற்றிக் காட்டுவதாக அவர் வாயை விட, அவள் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். இனிப் பின்வாங்க வழியில்லை.

முதல் இரண்டு வாரம் அவர் அடித்த கூத்தை மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணாடி நாரை வெட்டப்போய் நல்ல கத்தரிக்கோல் ஒன்று மொக்கையானது. பிசினைக் கெட்டியாக்குகிற மருந்தைக் கலக்க மறந்துவிட்டு, இதோ காய்ந்துவிடும் என்று மூன்று நாள் விசிறிக்கொண்டிருந்தார். கடைசியில் பிசின் கடைக்காரரே மனமிரங்கி வழி சொன்னார். நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் 'டக்'கென்று கேட்கும், உள்ளே சொத்தை என்றால் 'பொத்'தென்று கேட்கும். படகு மூழ்காமல் இருக்கத் தரைக்கு அடியில் நுரை அடைத்திருப்பார்கள். இவ்வளவு கனம் என்றால் அந்த நுரை தண்ணீர் குடித்திருக்கிறது, அறுத்துப் பாருங்கள் என்றார்.

படகின் தரை 'பொத்'தென்றது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அதை அறுத்துத் தூக்கினார். முதலில் வந்தது வாடை. ஈரத்தோடு மடித்து வைத்து மறந்துபோன துணியின் வாடை. அதற்குக் கீழே உப்பு. பிறகுதான் மஞ்சள் நுரையும் அதன் நடுவில் இருந்த பள்ளமும் கண்ணுக்குத் தெரிந்தன. தண்ணீர் அரித்திருந்தால் கன்னாபின்னாவென்று இருக்கும். இது அளவெடுத்து வெட்டியது போல் இருந்தது. தலை. கழுத்து. தோள்கள். கைகளை உடம்போடு ஒட்டி மல்லாந்து படுத்த ஓர் ஆள்.

சின்ன ஆள்.

தொழில் பழக்கம், கழுத்தில் தொங்கிய டேப் தானாகக் கைக்கு வந்தது. தோள் பதிமூன்று. கை பத்தொன்பது. கழுத்திலிருந்து இடுப்பு பன்னிரண்டரை. மூன்றாவது எண்ணைப் படித்ததும் டேப்பைச் சுருட்டாமல் நிமிர்ந்தார். முந்தாநாள்தான் இதே மூன்று எண்களைச் சாக்குக்கட்டியால் துணியில் குறித்திருந்தார். வாலுவின் புதுப் பள்ளிச் சட்டைக்கு. அவளுடைய உடம்பளவு இதைவிடக் குறைவு. வளர்கிற பிள்ளை என்று எல்லாப் பக்கமும் இரண்டு விரல் கூட விட்டு வெட்டியிருந்தார்.

பள்ளமும் இரண்டு விரல் கூட விட்டிருந்தது.

கடைக்குள் போய், பட்டன் மட்டும் பாக்கியாகத் தொங்கிய அந்தச் சட்டையை எடுத்து வந்து பள்ளத்தில் விரித்தார்.

ஒரு சுருக்கம் இல்லை.

மச்சினன் வந்து எட்டிப் பார்த்தான். எலி குடைந்திருக்கும், இதற்குப் போய் முகத்தைத் தொங்கப் போட வேண்டுமா என்று கேலி செய்தான். நுரை பொங்குகிற இரண்டு டப்பா மருந்தைக் கலந்து ஊற்றினார்கள். புது நுரை புளித்த மாவு போலப் பொங்கி எழுந்து பள்ளத்தை மூடியது. மேலே தரையைப் பொருத்தி, கண்ணாடி நாரும் பிசினும் மூன்று அடுக்கு போட்டு ஒட்டினார்கள்.

மறுநாள் காலை வாலுவின் படுக்கை நனைந்திருந்தது.

பத்து வயதில் இதென்ன பழக்கம் என்று மனைவி முணுமுணுத்துக்கொண்டே விரிப்பை உருவினாள். பிறகு மோந்து பார்த்து அப்படியே நின்றாள். உப்புத் தண்ணீர். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் இருமல். ஐந்தாம் நாள், படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் அவள் முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"பாப்பா தண்ணியில விழுந்தாளா?"

இல்லை என்றார்கள். வீட்டை விட்டால் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தை விட்டால் வீடு.

"உள்ள தண்ணி இருக்கு. தினம் கொஞ்சம் ஏறுது," என்றார் டாக்டர். மருந்து எழுதினார். எழுதும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தையல்காரர் நேராகக் கொட்டகைக்குப் போய் ஒட்டிய தரையை மறுபடி அறுத்தார்.

புது நுரையில் அதே பள்ளம். இந்தத் தடவை தலைக்கு இருபுறமும் இரண்டு சடையின் தடம். ரிப்பன் முடிச்சு வரைக்கும் அச்சாக விழுந்திருந்தது. டேப்பை வைத்தார். நம்பாமல் இரண்டாம் முறையும் வைத்தார்.

இரண்டு விரல், ஒரு விரலாகக் குறைந்திருந்தது.

அவள் உடம்பைப் பள்ளம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. நூல் பிடித்தாற்போல் பொருந்துகிற அன்றைக்கு என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்காமலே தெரிந்தது.

உடனே மச்சினனை அழைத்து, படகை எங்காவது கொண்டுபோய்த் தொலைக்கச் சொன்னார். லாரி ஊர் எல்லையைத் தாண்டியபோது வீட்டில் வாலுவின் உதடு நீலமானது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். தையல்காரர் போனில் கத்தினார். லாரி திரும்பி, கொட்டகை வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவளுக்கு மூச்சு இழுக்க வந்தது. மச்சினன் அதற்குப் பிறகு எலியைப் பற்றிப் பேசவில்லை. படகை இறக்கி வைத்துவிட்டு, அதன் பக்கம் முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினான்.

எரிக்கவும் முடியாது. எறியவும் முடியாது. தையல்காரர் கடையில் உட்கார்ந்து மெஷினின் சக்கரத்தை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தார். அளவு தப்பிய உடுப்பை யாரும் குப்பையில் போடுவதில்லை. பிரித்து, வேறு ஆளுக்குப் பொருந்துகிற மாதிரி ஆக்குவார்கள்.

உள்ளே போய் மனைவியிடம் டேப்பை நீட்டினார்.

"எனக்கு அளவு எடு."

"பிள்ளை இப்படிக் கிடக்கிறப்ப சட்டை கேக்குதா உங்களுக்கு? அதுவும் ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவரு."

"தன் அளவைத் தானே எடுத்தா தப்பா வரும். எடு."

முப்பது வருடத்தில் அவள் அந்த டேப்பைப் பிடித்ததில்லை. தோள் பதினெட்டு, கை இருபத்துமூன்று என்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

"ரெண்டு விரல் கூடச் சேத்துக்கவா?" என்றாள், அவர் சொல்லிச் சொல்லிக் கேட்ட பழக்கத்தில்.

"வேண்டாம். நான் வளந்து முடிச்சாச்சு."

டேப் அவள் கையில் அப்படியே நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.

"ஏங்க. என்ன பண்ணப் போறீங்க?"

"பிரிச்சுத் தைக்கப் போறேன்," என்றார். அவள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்: "அவ பக்கத்துலயே இரு. ராத்திரியும் நகராத."

கொட்டகையில் சாயங்கால வெயில் தகர ஓட்டைகள் வழியாகக் காசு காசாக விழுந்திருந்தது. கத்தியைத் தீட்டிக்கொண்டு படகுக்குள் இறங்கினார். தோளில் மூன்று அங்குலம் இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். சடைத் தடத்தை வழித்து எடுத்தார். பள்ளத்தின் கால் பக்கத்தை நீளமாக்கினார். நுரை சாதாரணமாகப் பொரபொரவென்று உதிர்ந்தது. கழுத்தை வெட்டியபோது மட்டும் அது மெல்ல மூச்சு விட்டது.

நிறுத்தவில்லை.

வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பள்ளத்தில் மல்லாந்து படுத்தார். தோள் உட்கார்ந்தது. கை உட்கார்ந்தது. குறை சொல்ல முடியாத வேலை.

முதுகுக்குக் கீழே தண்ணீர் தளும்பியது.

படகு நின்றது மரக்கட்டைகளின் மேல். கட்டைகள் நின்றது காய்ந்த தரையில்.

அப்புறம், பள்ளத்துக்கும் கீழே, யாரோ கொஞ்சம் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டார்கள்.

எப்படி வெளியே வந்தார் என்பது நினைவில்லை. ஆனால் தரையைத் திரும்பப் பொருத்தி, மருந்தை மறக்காமல் கலந்து, பிசின் கெட்டியாகும் வரை பக்கத்திலேயே நின்று முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தார்.

காலையில் அவரை எழுப்பியது வாலுவின் குரல். பசிக்கிறது என்று சமையலறையில் ரகளை பண்ணிக்கொண்டிருந்தாள். இருமல் இல்லை. படுக்கை காய்ந்திருக்கிறது, சொட்டு ஈரம் இல்லை என்று மனைவி யாரிடமோ போனில் அழுதபடி சொல்வது கேட்டது. தையல்காரர் கண்ணைத் திறக்காமல் சிரித்தார். அவர் முதுகு முழுக்க நனைந்திருந்தது. உதட்டை நக்கினார். உப்பு. இருக்கட்டும். சொன்ன தேதியில் உடுப்பைக் கொடுத்துவிட்ட நிம்மதி.

எழுந்திருக்க ஒருக்களித்தார்.

கட்டிலின் மறுபாதியில் மனைவி படுக்கவே இல்லை. இரவு முழுக்க மகள் அறையில்தான் இருந்தாள். ஆனால் மெத்தையில் அந்தப் பக்கம் ஒரு பள்ளம். ஈரமாக, ஆழமாக, இப்போதுதான் யாரோ எழுந்துபோனது போல் பஞ்சு எழும்பி மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது.

அவர் கண் தன்னால் அளவெடுத்தது. ஆண் அளவில்லை. பெண் அளவில்லை. முப்பது வருட நோட்டில் எந்தப் பக்கத்திலும் அப்படி ஒரு தோள் இல்லை.

கை இருந்த தடம் மட்டும் இன்னும் நிரம்பவில்லை. அது நீண்டு, நீண்டு, அவர் தலையணைக்கு அடியில் போயிருந்தது.