ஸ்விட்சை அணைத்த பிறகு

காந்தச் சுருளின் ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிடம் ஆகியும் நுண்ணோக்கித் திரையில் தெரிந்த மணிகள் பிரியவில்லை.

பிரிந்திருக்க வேண்டும். மூன்று வருடமாக அவள் ஆராய்ச்சியே அதுதான். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு இருக்கும் மணிகளை ஒரு சொட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காந்தப்புலம் கொடுத்தால் சங்கிலியாகக் கைகோக்கும். புலத்தைத் திருப்பினால் சங்கிலி கலைந்து வளையமாகும், வலையாகும். அணைத்தால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி சிதறி ஓடும். கடைக்குட்டியான அவளைப் பொடிசு என்றே கூப்பிடும் அக்கா, “எங்க பொடிசு பொடிக்கே வாக்கப்பட்டுட்டா” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

விடுமுறை நாள், மதியம். கட்டடத்தில் வேறு ஆளில்லை. ஏசியின் உறுமல், அதற்குள் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம், நுண்ணோக்கி விளக்கின் சூட்டில் தூசி கருகும் வாடை, வராந்தாக் கோடியில் காற்றில் சாத்தியும் திறந்தும் ஒரு கதவு முனகும் சத்தம் என்று தினமும் கவனத்தில் படாத எல்லாமே இன்று தனித்தனியாகத் தெரிந்தன. சுருளின் ஒயரைப் பிடுங்கினாள். மணிகள் அப்படியே நின்றன. அகலமாக ஒரு திட்டு. அதிலிருந்து நீளமாக ஐந்து கிளைகள்.

கை.

போன வாரம் கண்ணாடித் தகடு உடைந்து அவள் வலது கை ஆள்காட்டி விரலைக் கிழித்தபோது மணிகள் மிதந்த தண்ணீர் காயத்தில் பட்டிருந்தது. கழுவி, பிளாஸ்திரி ஒட்டி, மறந்துபோனாள். இப்போது பிரித்துப் பார்த்தாள். காயத்தின் ஓரம் சாம்பல் பூத்திருந்தது.

அந்த விரலை மடக்கினாள். திரையிலும் மடங்கியது.

நடுவிரலை மடக்க நினைத்தாள். திரையில் மடங்கியது மோதிர விரல். மேஜைமேல் இருந்த அவள் கையிலும் மோதிர விரல்தான் மடங்கியது.

அவள் மடக்கவில்லை.

நுண்ணோக்கியில் இருந்த கண்ணாடித் தகட்டை எடுத்துத் தரையில் அடிக்க இடது கையை நீட்டினாள். வலது கை பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தது. திமிறினாள். கடித்தாள். ரத்தம் வந்தது, பிடி தளரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வர, அவள் போராடுவதை விட்ட பிறகுதான் அது விட்டது. இடது கையால் போனைத் தட்டினாள்.

“அக்கா, உடனே லேபுக்கு வா.”

“ஏன்டி, அழறியா? உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன், கீழதான் நிக்கிறேன்.”

“மேல வா. மைக்ராஸ்கோப்ல ஒரு கண்ணாடி இருக்கு. அத எடுத்து உடைச்சிடு. ஏன்னு கேக்காத.”

“சரி சரி, பதறாத. வரேன்.”

செருப்புச் சத்தம் படியேறியது. வராந்தாவில் நெருங்கியது. கதவு திறந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்குக் கண்ணாடியும் நினைவில்லை, ஒன்றும் நினைவில்லை. ஓடிவந்து அந்த வலது கையைத்தான் பிடித்தாள்.

“தொடாத!”

“ஐயோ, என்னடி இவ்ளோ ரத்தம்? கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?”

திரையில் அந்தக் கைக்குப் பக்கத்தில் மணிகள் கூடத் தொடங்கின. அகலமாக ஒரு திட்டு. ஒரு கிளை. இரண்டு. மூன்று.

“அக்கா, கைய எடு. எடுக்கா!”

“நீ விட்டாத்தானே எடுப்பேன். விடுடி, வலிக்குது.”

“நான் பிடிக்கல.”

அக்கா குனிந்து பார்த்தாள். அவள் விரல்கள்தான் ஒவ்வொன்றாக மடங்கித் தங்கையின் விரல்களோடு கோத்துக்கொண்டிருந்தன. இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.

“பொடிசு... என்னடி இது?”

தங்கை திரையைப் பார்த்தாள். திரையில் இரண்டு கைகளும் கலைந்துகொண்டிருந்தன. விரல்கள் கரைந்தன. உள்ளங்கைகள் கரைந்தன. மணிகள் வேறொன்றாகச் சேர ஆரம்பித்தன. நீளமாக. கணுக்களே இல்லாமல்.

மேஜைமேல், கோத்த விரல்களுக்குள், முதல் எலும்பு சத்தமில்லாமல் வளைந்தது.