ஒருமையில் அழைத்தவள்

மழைக்குப் பயந்து ஓடிவந்த பல் டாக்டர், லிஃப்டுக்குள் உட்கார்ந்து வயர் மாற்றிக்கொண்டிருந்தவன் மேல் போய் மோதினாள்.

"வழியை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே... எழுந்திருப்பா."

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க. இப்ப ஏறினா நடுவுல நின்னுடும்."

நிமிர்ந்து பார்த்தான். அந்த மழை இருட்டில் இருந்த வெளிச்சமெல்லாம் அவன் கண்களில்தான் இருந்தது... கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் டாக்டர் அல்லவா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான்கு மாடி படியேறினாள்.

மத்தியானம் அவனே கிளினிக்குக்கு வந்தான். லிஃப்ட் கம்பெனி முதலாளியின் மகனாம் என்று ரிசப்ஷன் அக்கா காதில் ஓதினாள். டாக்டர் விருட்டென்று எழுந்தாள். உட்காருங்க என்றாள், காபி சாப்பிடுறீங்களா என்றாள்.

"முதலாளி பையன் கீழே கார்ல இருக்காரு. நான் மெக்கானிக்தான்... காலையில பார்த்தீங்களே, அதே ஆள். லிஃப்ட் ஓடுது, சொல்லிட்டுப் போக வந்தேன்."

அவன் கோபப்படவில்லை, அதுதான் சுட்டது. போகிறபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஈரத்தில் கால் வைத்ததற்கு மன்னிச்சுக்குங்க என்றான். டாக்டருக்குக் கொடுத்த அதே 'ங்க'. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மூன்று நாள் வீம்பில் கழிந்தது. ஒரு மெக்கானிக்கிடம் போய் நிற்பதா... நான்காம் நாள், லிஃப்ட் மோட்டார் சர்வீஸும் இன்றோடு முடிகிறது, நாளை அவனுக்கு வேறு ஊர் என்று அக்கா சொன்னாள். வீம்பு போன இடம் தெரியவில்லை. மழையில் நனைந்தபடி மொட்டை மாடி மோட்டார் ரூம் வாசலில் போய் நின்றாள்.

"லிஃப்டுதான் ஓடுதே... எதுக்கு படியேறி மூச்சு வாங்குறீங்க?"

"லிஃப்ட்ல வந்தா யோசிக்க நேரம் இருக்காது." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அன்னிக்கு 'நீ'ன்னு கூப்பிட்டது தப்பு. முதலாளி பையன்னு நினைச்சு 'நீங்க'ன்னு கூப்பிட்டது அதைவிடத் தப்பு. மெக்கானிக்னு தெரிஞ்சேதான் இப்ப சொல்றேன்... மன்னிச்சுக்குங்க."

"இதுக்கா வந்தீங்க?"

"இல்ல... உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"நனையறியே... உள்ள வா," என்றான்.

அந்த 'வா'வைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.