பேர் வராத கம்ப்யூட்டர்

அன்று காலை சின்னப்பிள்ளை எல்லா மேஜைக்கும் டீ வைத்துவிட்டு, ராசாங்கத்தின் மேஜைக்கு மட்டும் வைக்காமல் போனாள். மறதியில் போகிறவளின் நடை இல்லை அது. கண்ணையன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். தூக்குவாளியைச் சாய்த்துத் தம்ளர் தம்ளராக நிரப்பி வந்தவள், மூலை மேஜைக்கு வந்ததும் ஆளில்லாத இடத்தைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போய்விட்டாள். ராசாங்கம் கையை நீட்டியபடி இருந்தான்.

"அக்கா, எனக்குங்க?" என்றான்.

அவள் திரும்பவில்லை.

கண்ணையனுக்கு உள்ளுக்குள் இனித்தது. ஏன் இப்படி நடந்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை. அன்றைய டீ வழக்கத்தைவிட ருசியாக இருந்தது, அவ்வளவுதான்.

அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழிகளைத் தாண்டி இருந்தது அந்தச் சிமெண்ட் ஆலை. எண்பத்தெட்டாம் வருஷத்தில் அங்கே கம்ப்யூட்டர் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கண்ணாடித் தடுப்புக்குள், ஏசியின் குளிரில், பெரிய மெஷின் இருந்தது. அதிலிருந்து தரையோடு ஓடிய கறுப்புக் கேபிள்கள் ஹாலில் இருந்த மேஜைக் கம்ப்யூட்டர்களுக்குப் போயின. முதல் பெட்டி லாரியில் வந்து இறங்கியபோது அதைப் பச்சைக் குழந்தைபோல் தாங்கி உள்ளே கொண்டுவந்தவன் கண்ணையன். கண்ணாடி அறைச் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கியது. திருமழபாடிப் பக்கத்தில் அவன் ஊரில் 'கம்ப்யூட்டர்காரர் வூடு' என்றால் யாரும் வழி காட்டுவார்கள்.

பிறகு ராசாங்கம் வேலைக்கு வந்தான்.

அவனும் அதே ஊர்தான். அவன் தாய் ஆண்டாயி, கண்ணையன் வீட்டு வயலில் நாற்று நட்டவள். அவளுடைய பையனை அந்த வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஆண்டாயி மவனே" என்பார்கள், இல்லாவிட்டால் வெறும் "டேய்". அந்தப் பையன் திருச்சியில் படித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு ஹாலுக்குள் வந்து, "வணக்கம்ணே" என்றான். அண்ணே. அவன் அப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணையனின் அப்பாவை "ஐயா" என்று அழைத்தது கண்ணையனுக்கு இன்னும் நினைவிருந்தது. சரி, அதைக்கூடப் பொறுத்திருப்பான். பையன் கெட்டிக்காரனாக இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கண்ணையன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற இடத்தில் அவன் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சிரிப்பான். மேனேஜர் சாவியை அவனிடம் கொடுக்கச் சொன்னார். ஒருநாள் பஸ்ஸில் பார்த்துவிட்டு வந்து கலியம்மாள்கூட, "அந்தத் தம்பி மொகத்துல ஒரு களை இருக்குங்க" என்றாள். பெண்டாட்டி வாயிலிருந்து அது வந்த பிறகு கண்ணையனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஐப்பசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மெஷின்களுக்கு இனி நம்பர் வேண்டாம், யார் உட்காருகிறார்களோ அவர்கள் பேரையே வைக்கவேண்டும் என்று. மெஷினை முடுக்கியதும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் அந்தப் பேர் வர வேண்டும். ஒவ்வொன்றாகப் பிரித்து மாற்றலாம் என்றான் கண்ணையன். ராசாங்கம் வேறு மாதிரி சொன்னான்.

"வேணாங்க சார். சின்னதா ஒரு ப்ரோகிராம் எழுதிடுறேன். பெரிய மெஷின்ல ஓட்டுனா அதுவே கேபிள் வழியாப் போயி ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சுட்டு வந்துரும்."

மேனேஜர் அவன் தோளில் தட்டினார். கண்ணையனின் தோளில் அந்தக் கை ஒருநாளும் விழுந்ததில்லை.

ப்ரோகிராமை ஓட்டவிருந்த நாளுக்கு முந்தின மாலை, தாய்க்கு மருந்து வாங்கக் கடை மூடுமுன் போகவேண்டும் என்று ராசாங்கம் அவசரமாகக் கிளம்பினான். "சாவி வச்சுக்குங்கண்ணே, பூட்டிருங்க" என்று நம்பிக் கொடுத்துவிட்டுப் போனான். கண்ணையன் பூட்டவில்லை. வெளியே மழை. கண்ணாடி அறைக்குள் மழைச் சத்தம் கேட்காது, ஏசியின் உறுமல் மட்டும்தான். திரையில் பேர்கள் வரிவரியாக நின்றன. நாளைக்கு மேனேஜர் முன்னால் அவன் மூஞ்சியில் ஈயாடக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தான். ராசாங்கத்தின் வரிக்குப் போய் ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். கடைசி எழுத்து விரலுக்கு அடங்காமல் ஒரு கணம் நின்றது. இன்னொரு முறை அழுத்தினான். போயிற்று. அந்த இடத்தில் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் மட்டும் மினுக் மினுக்கென்று விழித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ராசாங்கம் ப்ரோகிராமை ஓட்டினான். ஹாலில் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டு எழுந்தன. கண்ணையனின் திரையில் கண்ணையன் என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று வந்தது. மூலை மேஜைத் திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

"எம்பேரு வரலீங்களே, சார்" என்றான் ராசாங்கம்.

வாசல்வரை போய்விட்ட மேனேஜர் நின்று ஹாலைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை மூலை மேஜைமேல் ஊர்ந்து, எங்கும் தங்காமல், கண்ணையனிடம் வந்து நின்றது.

"யாருய்யா பேசுனது?"

அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சின்னப்பிள்ளை டீயோடு வந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கலியம்மாளிடம் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். காலைக் கழுவிக்கொண்டே, "இன்னிக்கு உன் களையான தம்பி கதையக் கேளு" என்று ஆரம்பித்தான்.

"எந்தத் தம்பிங்க?"

"அதான், எங்க ஆபீஸ்ல…"

பேர் வரவில்லை. நாக்கு நுனியில்கூட இல்லை. பல் விழுந்த இடத்தில் நாக்கைத் துழாவுவதுபோல் துழாவினான்.

"ஆண்டாயி மவன்" என்றான் கடைசியில்.

கலியம்மாள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஆண்டாயிக்கு ஏதுங்க புள்ள?"

அடுத்து வந்த நாட்களில் கண்ணையனுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்தது. சாவி அவன் இடுப்பிலேயே தங்கிவிட்டது, யாரும் கேட்கவில்லை. தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்தபோது மேனேஜர், "ப்ரோகிராம் எழுதுனது நம்ம கண்ணையன்தான்" என்று அறிமுகம் செய்துவைத்துத் தோளில் கை போட்டார். அந்தக் கையின் கனத்தை அனுபவித்தபடி கண்ணையன் மூலையைப் பார்த்தான்.

அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

காலையில் முதலில் வந்து கதவைத் திறந்தாலும் இருந்தான், மாலையில் பூட்டும்போதும் இருந்தான். அதே சட்டை. பெருக்குகிறவள் அந்த மூலையைப் பெருக்குவதில்லை. ஜன்னல் இடுக்கில் நுழைகிற சிமெண்ட் தூசி எல்லா மேஜையிலும் விழுந்து துடைபட்டுப் போக, அந்த மேஜையில் மட்டும் தங்கியது. மேஜையில் தங்கியது அவன்மேலும் தங்கியது. முதலில் தலைமுடி வெளுத்தது. பிறகு புருவம். பிறகு இமை. மழை ஈரத்தில் தூசி ஆடைகட்டி, அவன் கழுத்தைத் திருப்பும்போது மெல்லிய ஓட்டுச் சில்லை மிதிப்பதுபோல் நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கண்ணையனுக்கு மட்டும்தான் கேட்டது. மற்றவர்கள் சோற்று டப்பாவைத் திறந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவன் யாரையும் கூப்பிடுவதில்லை. கண்ணையனை மட்டும் பார்ப்பான்.

அப்போதும் கண்ணையனுக்கு வந்தது பயம் மட்டும் இல்லை. தன் மெஷின் மக்கர் செய்தால், 'இவனாக இருந்தால் இரண்டு தட்டில் சரிசெய்திருப்பான்' என்ற நினைப்பு வரும். வந்ததும் வயிறு எரியும். பேர் போயும் அந்தக் கெட்டிக்காரத்தனம் மட்டும் தூசிக்கடியில் பத்திரமாக இருப்பதுபோலப் பொறாமை.

ஒரு மத்தியானம் ஆலை வாசலில் ஆண்டாயி நின்றுகொண்டிருந்தாள். மழையில் நனைந்திருந்தாள். கையில் துணியில் கட்டிய தூக்குச் சட்டி.

"என்ன ஆண்டாயி, இங்க?" என்றான் கண்ணையன்.

"தெரியலீங்கய்யா" என்றாள். "காலையில எந்திரிச்சு ரெண்டு ஆளுக்குச் சோறு ஆக்கியிருக்கேன். ஏன் ஆக்குனேன்னு தெரியல. பஸ்ஸேறி இங்க வந்துட்டேன். யாரப் பாக்க வந்தேன்னு நீங்க சொல்லுங்களேன்."

அவளுக்குப் பின்னால், ஹாலின் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு வெள்ளை உருவம் வாயைத் திறந்து திறந்து மூடியது. அவள் திரும்பிப் பார்த்தாள். மழையைப் பார்த்தாள். சட்டியைக் கண்ணையன் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சட்டி இன்னும் சூடாக இருந்தது. கண்ணையனால் அதைப் பிடித்திருக்க முடியவில்லை.

அன்று சனிக்கிழமை. மதியத்தோடு எல்லோரும் போய்விட்டார்கள். கண்ணையன் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவை உட்புறம் தாழிட்டான். போட்டுவிடலாம். ஒரே ஒரு பேர். போட்டுவிட்டு ஓட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்த ப்ரோகிராமைத் திறந்து அந்த வரிக்குப் போனான். பச்சைக் கட்டம் விழித்துக்கொண்டிருந்தது. விரலை விசைகளின்மேல் வைத்தான்.

என்ன பேர்?

ஊரில் இருக்கிற பேர்களையெல்லாம் நினைத்துப் பார்த்தான். கருப்பண்ணன். இல்லை. அரியமுத்து. இல்லை. பெரியசாமி, நல்லுசாமி. ஒவ்வொன்றும் வேறு யாரோ ஒருவருடைய முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சின்ன வயதில் களத்துமேட்டில் அந்தப் பையனை நூறு தடவை கூப்பிட்டிருக்கிறான். என்ன சொல்லிக் கூப்பிட்டான்? டேய். வேறொன்றும் சொன்னதில்லை.

ஏசி நின்றது.

கரண்ட் போகவில்லை, திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. உறுமல் நின்ற அமைதியில் அந்தச் சத்தம். ஓடு நொறுங்குவது போல. கண்ணாடிக்கு வெளியே இல்லை. உள்ளே. நாற்காலிக்குப் பின்னால்.

ஈரச் சிமெண்டின் வாடை.

"அண்ணே."

கண்ணையன் திரும்பவில்லை. திரையின் கறுப்பில் ஒரு வெளுத்த முகம் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்தது.

"எம்பேரு என்னண்ணே?"

"தெரியலப்பா."

"சொல்லுங்கண்ணே."

"நெசமாத் தெரியல."

"ஏதாச்சும் ஒரு பேரு." குளிர்ந்த சொரசொரப்பான கை அவன் கைமேல் படிந்தது. "ஏதாச்சும் ஒண்ணு குடுங்கண்ணே."

அவன் விரல்களுக்குப் பழகிய பேர் ஒன்றுதான். தினமும் அடித்து அடித்துப் பழகியது. யோசிக்குமுன் அவையே அடித்துவிட்டன. அடித்து, ஓட்டியும் விட்டன.

ஒரே பேர் இரண்டு மெஷினில் நிற்காது என்பது கண்ணாடி வழியே ஹாலைப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. மூலை மேஜைத் திரை மெல்லப் பச்சையாக எரிந்தது. கண்ணையன் என்றது. ஹாலின் நடுவே அவனுடைய மேஜையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி எழுத்து ஒரு கணம் நின்றது.

போயிற்று.

தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை. தாழ்ப்பாள் திறந்திருந்தது.

அவன் ஓடினான். பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் தலை தூக்கவில்லை. பஸ் நிற்கவில்லை. கையைக் காட்டிக்கொண்டே பின்னால் ஓடினான், அடுத்த பஸ்ஸுக்கும் ஓடினான். பிறகு யாரோ இறங்குவதற்காக நின்ற ஒன்றில் தொற்றினான். கண்டக்டர் அவனிடம் டிக்கெட் கேட்கவில்லை. ஒரு கிழவர் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து உட்காரப் பார்த்தார். எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். வழியெல்லாம் தன் பேரைத் தானே சொல்லிப் பார்த்தான். உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் நின்றான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினான். கலியம்மாளின் வளையல் சத்தம் கேட்டது. அவள் வரவில்லை. சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்.

சிம்னி விளக்கடியில், அவனுடைய மணையில், அவனுடைய வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். முதுகுதான் தெரிந்தது. கலியம்மாள் அவன் இலையில் குழம்பு ஊற்றினாள். அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி. கல்யாணமான நாளிலிருந்து கண்ணையனுக்கு அவள் அப்படி ஒருநாளும் பரிமாறியதில்லை. அந்த நிலையிலும் அவன் நெஞ்சு எரிந்தது.

"மெதுவாச் சாப்புடுங்க" என்றாள். "இன்னிக்கு என்ன, இவ்வளவு பசி?"

"ரொம்ப நாளாச் சாப்பிடல" என்றது அந்த முதுகு. கண்ணையனின் குரல்.

உள்ளறையிலிருந்து சின்ன மகள் சாந்தா தூக்கக் கலக்கத்தோடு ஓடிவந்து அவன் மடியில் ஏறினாள். "அப்பா, எனக்கு" என்றாள். அவன் சோற்றைப் பிசைந்து உருட்டினான். விரலெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்தது. பிசையப் பிசைய அந்த வெள்ளை சோற்றில் கலந்து குழைந்தது.

வெளியே நின்றவன் ஜன்னல் கம்பியில் தலையால் முட்டினான். முட்டிக்கொண்டே இருந்தான். யாரும் திரும்பவில்லை.

உருண்டையை நீட்டிய கை ஒரு கணம் நின்றது. மெல்லிய ஓடு நொறுங்குகிற சத்தத்தோடு அந்தக் கழுத்து ஜன்னல் பக்கம் திரும்பியது.

குழந்தை வாயைத் திறந்தது.