தனியாக வரவும்!

டெலிபோன் அலறியது.

செல்சா பரெய்ரோ எடுக்கவில்லை. அலறட்டும் என்று விட்டாள். திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து இந்த அழைப்புக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.

உடனே எடுத்தால் நன்றாகவா இருக்கும்!

"ஹலோ... மெயில் பிரிவு."

"செல்சாக்கா! மூணாம் நம்பர் குளிர் ரூம்ல... பொ... பொணம்!"

கம்பெனி வாசல் காவல்காரன் பிரிஹிதோ. அவன் பற்கள் தந்தியடிப்பது போனிலேயே கேட்டது.

"என்னடா உளர்றே? யாரு?"

"தெரியலக்கா! குப்புறக் கெடக்கு. உடம்பெல்லாம் பனி. வெள்ளைக் கோட்டு, குல்லா... மூஞ்சியே தெரியல. போலீசு தொடக்கூடாதுன்னுட்டாங்க!"

"ஐயோ... மாதாவே!"

போனை வைத்தாள். சுற்றிலும் யாரும் இல்லை. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வர விட்டாள்.

அசுன்சியோன் நகரத்துக்கு வெளியே, ஆற்றோரம் இருந்த அந்த மாட்டிறைச்சி ஏற்றுமதிக் கம்பெனியில் செல்சாதான் மெயில் நிர்வாகி. யாருக்கு மெயில் வரவில்லை, யார் பாஸ்வேர்டை மறந்தார், யார் காலண்டரில் மீட்டிங் இரட்டையாக விழுந்தது... எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் ஓடிவர வேண்டும். அத்தனை பெட்டிக்கும் சாவி அவள் கையில்.

சாவி கையில் இருந்தால் சும்மா இருப்பாளா?

பல வருஷமாகத் திறந்து திறந்து படித்தாள். யார் மனைவி யாரோடு பேசுகிறாள், யாருக்கு என்ன வியாதி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு டைப்பிஸ்ட் பெண்ணின் காதல் கடிதத்தை அப்படியே எடுத்து ஆபீஸ் முழுக்க அனுப்பிவைத்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டே வேலையை விட்டு ஓடியபோது, "பாவம்!" என்று சொல்லி வழியனுப்பியவளும் செல்சாதான்.

போன வாரம் ஜெனரல் மானேஜர் அன்செல்மோ ஃப்ரெதெஸின் பெட்டியைத் திறந்தாள். முதலாளிக்கு எழுதி, இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த ஒரு மெயில்.

'செல்சா எல்லாருடைய மெயிலையும் படிக்கிறாள். ஆதாரம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போலீசில் ஒப்படைக்கிறேன்.'

ஜெயில்!

அந்த ஆள் திங்கட்கிழமையைப் பார்க்கக் கூடாது. முடிவு செய்துவிட்டாள்.

ஏற்றுமதிப் பிரிவுத் தலைவன் காஸ்பாரின் பெயரில் புகுந்தாள். மானேஜருக்கு ஒரு மீட்டிங் அழைப்பு. சனிக்கிழமை, நாலு மணி, மூணாம் நம்பர் குளிர் அறை. தலைப்பு: 'சரக்கு கெட்டுவிட்டது. தனியாக வரவும்.'

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அங்கே ஈ காக்கா இருக்காது. குளிர் அறைக் கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து திறக்க ஒரு குமிழ் உண்டு. அதை முன்கூட்டியே கழற்றி எறிந்திருந்தாள்.

நாலு மணி. கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு வெளிச்சம். தொங்கும் மாட்டுத் தொடைகளுக்கு நடுவே பூட்ஸ் சத்தம்...

தள்ளினாள். க்ளக்!

விளக்கையும் அணைத்தாள்.

உள்ளேயிருந்து தட்டினான். ஒரு சாண் தடிமனான கதவு. குரல் வெளியே வரவில்லை, தட்டும் சத்தம் மட்டும்தான் வந்தது. முதலில் வேகமாக. பிறகு மெதுவாக. அது நிற்கும்வரை நின்று, ரசித்துக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் காலண்டரிலிருந்தும் அந்த அழைப்பை அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். சுத்தம்!

இதோ, பிணமும் கிடைத்துவிட்டது. இனி அழ வேண்டும். கைக்குட்டையைத் தேடினாள்.

கதவு திறந்தது.

"காலை வணக்கம் செல்சா!"

கைக்குட்டை நழுவிக் கீழே விழுந்தது.

வாசலில்... கையில் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகை டீ ஊற்றிக் குடிக்கும் கொம்புக் கோப்பையும், கக்கத்தில் ஐஸ் தண்ணி ஃப்ளாஸ்க்குமாக... அன்செல்மோ ஃப்ரெதெஸ்!

உயிரோடு!

"என்ன, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"சா... சார்! நீங்களா?"

"நான்தான். வேற யாரு வரணும்?"

"இல்ல சார்... குளிர் ரூம்ல பொணம்னு பிரிஹிதோ சொன்னான். அந்தப் பதட்டம்."

"ஆமா, கேள்விப்பட்டேன். பாவம், எவனோ." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு ஒரு சின்ன ரிப்பேர் வேலை. சனிக்கிழமை நாலு மணிக்கு என் காலண்டர்ல ஒரு மீட்டிங் இருந்துச்சு. காஸ்பார் கூப்பிட்டிருந்தான். இன்னிக்குப் பாத்தா காணோம்! மீட்டிங்குக்குக் கால் மொளச்சு ஓடிப்போகுமா?"

செல்சா குனிந்து கைக்குட்டையைப் பொறுக்கினாள்.

"சில சமயம் போன்ல இருக்கறதும் சர்வர்ல இருக்கறதும் ஒத்துப்போகாது சார். தானா அழிஞ்சிடும்."

"அழிஞ்சாலும் குப்பைத் தொட்டியில கெடக்குமே?"

"அதான் அதையும் காலி பண்ணி..." சட்டென்று நாக்கைக் கடித்தாள்.

"யாரு காலி பண்ணது?"

"பொதுவாச் சொன்னேன் சார்! தேடிப் பாக்கறேன்."

"தேடு தேடு. அப்படியே அந்த ஒரு மணி நேரக் கோளாறையும் சரி பண்ணேன். இனிமே வருஷத்துக்கு ரெண்டு தரம் கடிகாரத்த ஒரு மணி முன்ன பின்ன மாத்த மாட்டோம்னு கவர்மெண்ட்டே சொல்லியாச்சு. இந்தக் கம்ப்யூட்டருங்க மட்டும் பழைய கணக்கையே பிடிச்சிட்டுத் தொங்குது. நாலு மணின்னா மூணுன்னு காட்டுது!"

"பண்ணிடறேன் சார்."

பண்ண மாட்டாள். மாதக் கணக்காகப் பண்ணவில்லை. ஆபீசில் எல்லாரும் மீட்டிங் தலைப்பிலேயே 'நிஜத்தில் இத்தனை மணி' என்று எழுதி அனுப்பிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். தன் கம்ப்யூட்டரை மட்டும் சரி செய்துகொண்டாள். மற்றவர்கள் வந்து கெஞ்சட்டுமே!

"சார்... அந்த மீட்டிங்குக்கு நீங்க போனீங்களா?"

"நானா? சனிக்கிழமை ஆத்துல மீன் பிடிச்சிட்டிருந்தேன்மா. இந்தா, இவ்ளோ பெரிய சுருபி மாட்டுச்சு!"

கையை விரித்துக் காட்டினார்.

அப்படியானால்... உள்ளே செத்துக் கிடப்பது யார்?



இன்ஸ்பெக்டர் ஒதாசு தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். மானேஜர் நீட்டிய தெரெரேயை ஒரே உறிஞ்சலில் காலி செய்து கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"மெயிலம்மா நீங்கதானா? அந்த மூணாம் நம்பர் ரூமுக்கும் ஒரு காலண்டர் இருக்காமே. சனிக்கிழமை யாராச்சும் பதிவு பண்ணியிருக்காங்களான்னு பாருங்க."

பார்ப்பதுபோல் விரல்களை ஓட்டினாள். "யாரும் இல்ல சார்."

மானேஜர் ஏதாவது சொல்வாரோ? ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் அமைதியாக அடுத்த கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அப்போ விபத்துதான் போல." இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்தார். "உள்பக்கக் குமிழ் கழண்டு போயிருக்கு. கதவு மூடிக்கிச்சு, ஆள் மாட்டிக்கிட்டான். கதவுல நகத்தால பிறாண்டியிருக்கான்மா... ரெண்டு நகம் கதவுலயே ஒட்டிக்கிட்டிருக்கு!"

"ஆளு யாருன்னு...?"

"தரையோட ஒட்டிப்போய்க் கெடக்கான். புரட்டினா தோலு பிஞ்சு வரும். டாக்டர் வரட்டும். குளிர் ரூம் பக்கம் யாரு யாரு போவாங்கன்னு கேக்கணும். அங்க ஃபோர்மேன் ஒருத்தர் இருக்காராமே?"

"என் வீட்டுக்காரர்தான் சார்! ரூஃபினோ. சனிக்கிழமை வேலை முடிஞ்சு, வில்யாரிகாவுல அவங்க அம்மாவப் பாக்கப் போனாரு. இன்னிக்குக் காலையில பஸ்ஸ விட்டு இறங்கி நேரா வேலைக்கு வந்துருவேன்னாரு."

சொல்லும்போதே முகம் கனிந்தது. ரூஃபினோ! இந்தக் கம்பெனியில் அவள் மெயில் பெட்டியைத் திறந்து பார்க்காத ஒரே ஆள். அவ்வளவு ஆசை அவன் மேல். சனிக்கிழமை காலையில்கூட அவளுக்குச் சூடாகச் சிப்பா ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

"அவரக் கேட்டா செத்தது யாருன்னு சொல்லிடுவாரு. இருங்க சார், கூப்பிடறேன்."

நம்பரை அழுத்தினாள். காதில் வைத்தாள்.

மணி போயிற்று.

அதே நேரம், அந்த அறைக்குள்ளேயே எங்கேயோ ஹார்ப் இசை கேட்டது.

ரூஃபினோ தன் போனில் ஆசையாக வைத்துக்கொண்ட மெட்டு!

செல்சா திரும்பினாள்.

இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையிலிருந்து வந்தது அந்த இசை. அவர் திடுக்கிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை வெளியே எடுத்தார். உள்ளே ஒரு செல்போன் துடித்தது. திரையில் 'என் மகாராணி' என்று பெயர் மின்னியது.

"இது... குளிர் ரூம் வாசல்ல, தொறந்த லாக்கர்ல கெடந்த போனும்மா. செத்தவரோடதா இருக்கும்னு எடுத்தேன்..."

"இல்லே... இல்லே... இல்லேஏஏ!"

செல்சாவின் அலறல் கம்பெனி வாசல்வரை கேட்டது. நாற்காலியோடு சாய்ந்தாள். அந்தத் தட்டல் சத்தம் காதுக்குள் மறுபடி ஆரம்பித்தது. வேகமாக... பிறகு மெதுவாக... நின்று ரசித்துக் கேட்டாளே, பாவி!

டாக்டர் வந்தார். புரட்டினார்கள். ரூஃபினோவேதான்.

'விபத்து' என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போனார். ஆபீஸ் மொத்தமும் வரிசையாக வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதது. கடைசி ஆள் போனதும் மானேஜர் எழுந்து கதவைச் சாத்தினார்.

க்ளக்.

செல்சா உடம்பு தூக்கிப்போட நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் குடி. ஐஸ் நிறையப் போட்டிருக்கேன்."

"அவர் ஏன் சார் அங்க போனாரு?" அவள் குரல் உடைந்தது. "ஊருக்குத்தானே போறேன்னாரு..."

"நான்தான் அனுப்பிச்சேன்."

"எ... என்ன?"

"காஸ்பார் பேர்ல ஒரு அழைப்பு வந்துச்சா... என் ஸ்கிரீன்ல மூணு மணின்னு காட்டிச்சு. தலைப்புல நிஜ மணி எழுதல. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு! காஸ்பார் எழுதாம அனுப்ப மாட்டான். இந்த ஆபீஸ்ல ஒருத்தனும் எழுதாம அனுப்ப மாட்டான். எவ கம்ப்யூட்டர்ல மணி ஒழுங்கா ஓடுதோ, அவளுக்கு மட்டும்தான் எழுதணும்ங்கற நெனப்பே வராது."

செல்சா தன் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முதலாளிக்கு எழுதின மெயிலு... அத அனுப்பறதுக்காகவா எழுதினேன்? நீ வந்து மேயறியான்னு பாக்க வெச்ச புல்லும்மா அது. மேஞ்சே. மறுநாளே அழைப்பு வந்துச்சு. என்ன திட்டம்னு தெரியல. உள்ள போய்ப் பாக்க ஒரு ஆள் வேணும். மெயில் போட்டா நீ படிச்சுருவ. அதனால ரூஃபினோவுக்குப் போன் பண்ணேன். நாலு மணிக்கு அந்த ரூம எட்டிப் பாத்துட்டு ஊருக்குப் போப்பான்னேன். 'லேட்டாகும்னு செல்சாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன் சார்'னான். வேணாம்ப்பா, ரகசியம்னு சொன்னேன்."

"அடப்பாவி! தெரிஞ்சே அனுப்பினியா... என் புருஷன..."

"உன் புருஷன்ங்கறதாலதான் அனுப்பினேன்! யாரக் கொன்னாலும் அவன நீ கொல்ல மாட்டேன்னு நெனச்சேன். யாருன்னு எட்டிக்கூடப் பாக்காம நீ கதவச் சாத்துவேன்னு நான் என்ன கனவா கண்டேன்?"

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "போலீசுக்குப் போறேன்!"

"போயேன். குமிழக் கழட்டினது நீ. பொய் அழைப்பு அனுப்பினது நீ. நீ அழிக்கறதுக்கு முன்னாடி அத நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். கதவச் சாத்தினதும் நீ. நான் என்ன பண்ணேன்? ஒரே ஒரு போன்."

செல்சா மறுபடி உட்கார்ந்தாள். 

"பயப்படாதே, உன்ன வேலையிலேருந்து எடுக்க மாட்டேன்." மானேஜர் அவள் தோளைத் தட்டினார். "முதலாளி என்னப் பத்தி யாருக்கு என்ன எழுதறாருன்னு எனக்குத் தெரியணும். தினம் காலையில வந்து சொல்லணும். ஆயுசு முழுக்க! உனக்குப் பிடிச்ச வேலைதானே?"

கோப்பையை நீட்டினார். அவள் உதட்டை அதிலிருந்த உறிஞ்சுகுழலில் வைத்தாள். பல் கிடுகிடுத்தது.

வாசல்வரை போனவர் நின்றார்.

"அப்புறம் ஒண்ணு. வேலைய விட்டுப் போனவங்க பேர அன்னிக்கே எடுத்துரணும்னு நீதானே சட்டம் போட்டே? ரூஃபினோ பேரு இன்னும் சர்வர்ல இருக்கு. எடுத்துடு, இடம் வீணாகுது."

நின்றார். நகரவே இல்லை. அவள் செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் போவார் போலிருந்தது.

செல்சா கீபோர்டை இழுத்தாள். கண்ணீரில் எழுத்துகள் மிதந்தன. பெயரைத் தேடினாள். ரூஃபினோவின் சின்னப் புகைப்படம் திரையில் சிரித்தது. பொத்தானைத் தொட்டாள்.

'இவரை நிரந்தரமாக நீக்க வேண்டுமா? நன்றாக யோசித்துப் பதில் சொல்லவும்' என்று கேட்டது கம்ப்யூட்டர்.

'ஆம்' என்று அழுத்தினாள்.

முதல் தடவை நீக்கியபோது யோசித்தா நீக்கினாள்!