அப்படியே நிறுத்துங்க

படம் ரொம்பத் தெளிவாக இருந்தது. அதுதான் மணிமேகலைக்கு உறுத்தியது.

பன்னிரண்டு வருஷமாகத் தர்மபுரி கிளினிக்கில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கிறாள். தொப்பூர் பக்கத்து லாரிக்காரர்கள், சித்தேரியிலிருந்து பஸ் ஏறி வரும் குடியானவர்கள், எத்தனை நெஞ்சு பார்த்திருப்பாள்! யாராக இருந்தாலும் மூச்சை இழுக்கும்போது நுரையீரல் குறுக்கே வந்து விழும். இதயம் பாதி மறைந்துபோகும். அதனால்தான் "மூச்சை வுட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்று நாளெல்லாம் தொண்டை வறளக் கத்துகிறாள். இன்றைக்கு இன்னும் வாயே திறக்கவில்லை. கருப்புத் திரை போட்ட அறை, ஏசியின் உறுமல், விரலிடுக்கில் ஜெல்லின் பிசுபிசுப்பு. இடப்பக்கம் ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவனின் இதயம், கண்ணாடித் தொட்டி மீனாட்டம் மறையாமல் தெரிந்தது.

படுத்திருப்பவன் அவள் புருஷன் சென்றாயன். புருஷன்தானா என்று பார்க்கத்தான் வேறு யாரிடமும் விடாமல் அவளே எக்கோ எடுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் வால்வு ஒழுகி, மூன்று தலையணை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குவான். அந்த இளைப்புச் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கமே வரும். பெங்களூரில் இதயத்தையும் மூச்சையும் நிறுத்தி, இரண்டரை மணி நேரம் மெஷினில் ஓட்டி, உலோக வால்வு வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகிறது. ராத்திரியில் வால்வின் டிக் டிக் மட்டும் கேட்கிறது. வேறொரு சத்தமும் இல்லை. கொதிக்கிற டீயை ஊதாமல் குடிக்கிறான். சாம்பிராணிப் புகைக்கு நடுவில் இருமாமல் நிற்கிறான். அவள் எப்போது விழித்தாலும் அவள் பக்கம் திரும்பிப் படுத்து, அவள் மூக்கையும் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"உன் வூட்டுக்காரரு புது மாப்பிள்ளையாட்டம் ஆயிட்டாரு, உனக்கென்னக்கா மூஞ்சி இப்படிக் கெடக்கு?" என்று டோக்கன் கொடுக்கும் தீர்த்தம்மாள்கூடக் கிண்டலடித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மணிமேகலையும் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஆனால் முகம் ஏமாற்றும், குரல் ஏமாற்றும். இதயம் ஏமாற்றாது. சென்றாயனின் இதயத்துக்குள் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு நூல் கட்டினாற்போல் ஒரு தசைநார் உண்டு. நடுவில் கவட்டையாகப் பிரியும். பிறவியிலேயே வந்தது, கெடுதல் ஒன்றுமில்லை. அப்படியொரு கவட்டையை அவள் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஆபரேஷனுக்கு முன் தானே எடுத்த பழைய படத்தைப் பாதித் திரையில் போட்டாள். மறுபாதியில் இன்றைய படம்.

இருந்தது. அதே நூல், அதே கவட்டை.

நெஞ்சில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அடிப்பாவி, கட்டின புருஷனைப் போய்ச் சந்தேகப்பட்டாயே! கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"ஏங்க, மூச்சை வுட்டுட்டு அப்படியே நிறுத்துங்க," என்றாள், பழக்கதோஷத்தில். பதிவு பட்டனை அழுத்தினாள்.

இதயத் தசை எப்படி வேலை செய்கிறது என்றுதான் டாக்டர் கேட்டிருந்தார். ஒழுகலை அடைத்த பிறகு தசை கொஞ்சம் சோர்ந்துபோகும், தேறுவதற்கு மாசக்கணக்காகும். சுவர் சுவராக அளந்தாள். சோர்வா? ஒவ்வொரு சுவரும் வண்டிமாடு மேட்டில் இழுக்கிற மாதிரி இழுத்தது. இருபது வயசுப் பையனுக்குக்கூட இப்படி இருக்காதே. நம்பாமல் திரும்ப அளந்தாள். கோடு போட்டாள், எண்ணைக் குறித்தாள், கோணத்தை மாற்றி இன்னொரு தடவை. திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தியபோது 3:12.

இப்போது 3:21.

மூச்சு விடச் சொல்ல மறந்துவிட்டாள்.

சொல்லாவிட்டால் என்ன, பத்து விநாடி பொறுக்க மாட்டாமல் எல்லாரும் தாங்களே விட்டுவிடுவார்கள். எல்லாரும்.

அவள் வலது கை அவன் விலாவின் மேல் கிடந்தது. விலா ஏறவில்லை. இறங்கவில்லை. ஒன்பது நிமிஷமாக இல்லை.

படுத்ததிலிருந்தே.

டிக். டிக். டிக்.

"ஏங்க... மூச்சு வுடுங்க."

சுவரைப் பார்த்திருந்த தலை மெதுவாகத் திரும்பியது. தலை மட்டும்.

"எப்படி வுடறதுன்னு தெரியலியே மணி." உதடு அசைந்தது, காற்று வரவில்லை. "தெனமும் ராத்திரி உன்னப் பாத்துப் பாத்துத்தான் கத்துக்கறேன். இன்னும் வரல."

கதவுக்கு அந்தப் பக்கம்தான் தீர்த்தம்மாள் இருக்கிறாள். கூப்பிட வேண்டும். வாய் திறந்தது.

"ஒரு வாட்டி காட்டு."

அவன் உள்ளங்கை அவள் நெஞ்சில் பதிந்தது. ஜெல்லைவிடச் சில்லென்று இருந்தது.

பயத்தில் அடைத்திருந்த மூச்சு, அவளை அறியாமல் வெளியே போனது. அவன் மூக்கு விடைத்தது. அவள் கைக்கடியில் விலா முதன்முதலாக ஏறியது. திரையில் நுரையீரல் குறுக்கே வந்தது. நூல் மறைந்தது. கவட்டை மறைந்தது. இதயமே மறைந்தது.

"வந்துடுச்சு!" பச்சைப்பிள்ளையாட்டம் சிரித்தான். கையை எடுக்கவில்லை. ஆயிரம் பேரிடம் அவள் சொன்ன அதே ராகத்தில் மெல்லச் சொன்னான்.

"அப்படியே நிறுத்து."

அவள் நெஞ்சு நின்றது.

வெளியே தீர்த்தம்மாள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். அவன் விலா ஏறியது, இறங்கியது, ஏறியது. அவன் கண் அவள் முகத்திலேயே இருந்தது. திரையின் மூலையில் 3:22.

3:23.

3:24. அவன் இன்னும் விடச் சொல்லவில்லை.