பத்தாயிரம் சுற்று

மூடிச் சீல் வைத்த தொட்டியின் எடை கூட வழியே இல்லை. கூடியிருந்தது. முந்நூறு கிராம்.

தராசுக்குத்தான் கோளாறு என்று, வாரம் முழுக்கச் செய்ததையே பூங்கோதை அன்றும் செய்தாள். ஜீரோ பட்டனை அமுக்கிக் கணக்கைப் பூஜ்யமாக்கினாள். இஞ்சினியர் செய்கிற வேலையா இது? அவள் நிலைமை அப்படி. தொட்டிக்குள் ஜவ்வரிசி மாதிரி சிலிக்கா மணிகள். குளிரவைத்தால் உள்ளே இருக்கும் நீராவியைக் குடிக்கும், வெந்நீரால் சூடாக்கினால் கக்கும். இப்படிக் குடித்துக் கக்குவதில்தான் ஏ.சி. போலக் கட்டடம் குளிரும். எத்தனை முறை குடித்துக் கக்கினால் மணிகள் ஓய்ந்துபோகும் என்று பார்ப்பதே சோதனை. பத்தாயிரம் சுற்று, நிறுத்தாமல். நிறுத்தினால் மறுபடி ஒன்றிலிருந்து. போன வருடம் கரண்ட் போய் ஒருமுறை நின்றாயிற்று. இன்னொரு முறை என்றால் அவள் வேலைக்கே உலை.

திரையில் சுற்று எண் 9,997.

ஓயவேண்டிய மணிகள் ஓயவில்லை. மே மாத டெல்லியின் ஞாயிற்று மதியம், வெளியே அனல்காற்று சுழற்றியடிக்க, ஆளில்லாத அந்தக் கட்டடத்தின் அடித்தள அறையில் வால்வு திறக்கும் டொக் சத்தமும், ஆவி நகரும் சீறலும், சுட்ட மண் வாசனையும், அதற்கடியில் காய்ந்த தோலைப் போல இன்னொரு வாசனையுமாக இருந்தது. அவள் தொண்டை வறண்டு அறுத்தது. இமைத்தால் இமை ஒட்டிக்கொண்டது.

தொட்டியை ஒட்டி ஸ்டூலில் முத்து உட்கார்ந்திருந்தார். ஜனக்புரியிலிருந்து வரும் டெக்னீஷியன், மதுரைக்காரர். காலையிலிருந்து மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தும் உதடு வெடித்திருந்தது. வெடிப்பில் ரத்தம்கூட இல்லை.

"மேடம், நிறுத்திருவோம். எனக்கு என்னமோ பண்ணுது."

"இன்னும் மூணு சுத்துதாண்ணே. அரை மணி நேரம்."

"அச்சா," என்றார், குரலே எழும்பாமல்.

பாவமாகத்தான் இருந்தது. இருந்தும் அவள் நிறுத்தவில்லை.

மணிகள் கக்கும் தண்ணீர் ஒரு கண்ணாடிக் குழாயில் சேரும். முத்து மூச்சு விட்டார். குழாயில் மட்டம் நூலளவு ஏறியது. இழுத்தார், நின்றது. விட்டார், ஏறியது.

தற்செயல் என்று நினைத்தாள். பத்து மூச்சு எண்ணினாள். தற்செயல் இல்லை.

9,999.

ஒரே ஒரு சுற்று. பன்னிரண்டு நிமிடம். அவள் கை, எல்லாவற்றையும் நிறுத்தும் சுவிட்சின் மேல் இருந்தது. அமுக்கவில்லை. மூன்று நிமிடம் போயிற்று. நான்கு.

"அண்ணே, எழுந்திருங்க. ஜல்தி வெளியே போங்க."

அவர் எழவில்லை.

வேலை போனால் போகட்டும் என்று அமுக்கினாள். பம்புகள் நின்றன. திரை இருண்டது. ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டாள். சட்டைக்குள் அப்பளம் நொறுங்குவதுபோல் சரசரத்தது. கண்கள் திறந்திருந்தன, ஈரமே இல்லாமல். கன்னம் பல்லோடு ஒட்டியிருந்தது. நெஞ்சு அசையவில்லை.

கரண்ட் இல்லாத தொட்டியில் வால்வு திறந்தது.

டொக்.

மட்டம் ஏறியது. நின்றது. ஏறியது.

முத்துவுக்கு மூச்சில்லை. அறையில் வேறு யாரும் இல்லை.

பூங்கோதை மூச்சை அடக்கினாள்.

நின்றது.

கதவு எட்டடி தூரம். கால் மடங்கவில்லை. முட்டி விறைத்துவிட்டது. ஓரடி. இன்னும் ஓரடி. நெஞ்சு எரிந்தது. காது அடைத்தது. வாய் தானாகத் திறந்தது.

கண்ணாடியில் தண்ணீர் விளிம்புவரை குதித்து ஏறியது.