வாலைக் கவ்விய பாம்பு

பழைய ஆஸ்பத்திரி ஒன்றை ஓவியக் கூடமாக மாற்றியிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது கடைசி வார்டு. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். மருந்து வாடை இன்னும் போகவில்லை.

காலை பத்து மணிக்கு அக்காவும் நானும் உள்ளே போனோம். அக்கா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவள். அவள் உழைப்பில்தான் நான் ஓவியக் கல்லூரியில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இது என் முதல் கண்காட்சி.

நான் வரைய எடுத்துக்கொண்டது குகைச் சுவரில் கிடைத்த ஓர் ஆதிகாலச் சின்னம்: செத்தவர்களை வளைத்துக் காக்கும் பாம்பு. அதற்குப் பெண் முகம் வைத்துத் தரை முழுக்க வட்டமாக வரைந்திருந்தேன். ஆதிக்கதை என்றாலே அரசனும் முனிவனும்தான் என்று பாடம் நடத்தியவர்கள் முகத்தில் அறைய வேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு.

கையில் வைத்திருந்த குகைப் படத்தின் போட்டோவில் தலைக்கும் வாலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நாள்பட்டு அழிந்துபோன இடம் என்று நினைத்தேன். சேர்த்துவிட வேண்டியதுதான்.

வட்டத்துக்குள் உட்கார்ந்து செதில்களுக்கு வண்ணம் வைத்துக்கொண்டிருந்த அக்கா, போட்டோவை வாங்கிப் பார்த்தாள்.

“இது அழிஞ்சது இல்லடி. அழிஞ்சா ஓரம் பிசிறா இருக்கும். பிரஷ் நின்ன இடம் மொழுமொழுன்னு இருக்கு பாரு. வரைஞ்சவன் வேணும்னேதான் விட்டிருக்கான்.”

“ஆமா, நீ போய் அவன்கிட்ட கேட்டுட்டு வந்தியா?”

“கேக்கறதுக்கு என்ன இருக்கு? எத்தனை ஆயிரம் வருஷமானாலும் சுவரடிக்கறவன் கை ஒண்ணுதான்.”

“நீ செதிலப் பாரு. படிச்சவ நான்.”

அப்படித்தான் சொன்னேன். அந்த வாயை இப்போது என்ன செய்வது?

வட்டத்துக்கு வெளியே மண்டியிட்டு, ஒரே இழுப்பில் வாலை வாய்க்குள் சேர்த்தேன்.

மருந்து வாடை நின்றது.

அக்கா எழுந்தாள். இரண்டடி தூரத்தில் நான். அவள் பார்வை என்னைத் தாண்டிப் போயிற்று.

“ஏய்... லைட்ட ஏன்டி அணைச்ச?”

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அக்கா, இங்கதான் இருக்கேன்.”

அவளுக்குக் கேட்கவில்லை. கைகளை நீட்டித் துழாவிக்கொண்டே வந்தாள். கோட்டுக்கு மேலே, வெறும் காற்றில், அவள் உள்ளங்கைகள் சுவரில் வைத்தது போலத் தட்டையாக அமுங்கின.

பிறகு கிசுகிசுத்தாள்.

“பக்கத்துல யாரோ மூச்சு விடறாங்கடி.”

அக்கா சுவர் சுரண்டும் பட்டித் தகட்டை எடுத்து, சேர்த்த இடத்தைச் சுரண்டினேன். நகம் பெயர்ந்தது. ஈரப் பெயின்ட் வழிந்து சிமென்ட் தெரிந்ததும், அந்த இடைவெளி வழியாக அக்கா வெளியே வந்தாள். வட்டம் காலி. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். வராந்தா, படி, தெரு. சுள்ளென்று வெயில். அவள் வாயே திறக்கவில்லை. பயத்தில் வாயடைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்போது மேலே, செங்கல் அடைத்த வார்டு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. அழுது ஓய்ந்த குரல்.

“ஏன்டி, என்னை விட்டுட்டு யாரக் கூட்டிட்டுப் போற?”

என்னைப் பிடித்திருந்த கை இறுகியது.